கோண்டு மக்களின் கதைச் செல்வமும் குஞ்சாலாச் சுவடிகளும்

ஓர் இனத்தின் வரலாற்றை எங்கே தேடுவது? கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுக என்பர் வரலாற்றறிஞர். அது பொருத்தமே. ஆயினும் கல்லில் எழுத அரசனும், செம்பில் எழுதக் கொடையாளியும் வேண்டும். அரசை இழந்து காடும் மலையுமே உறைவிடமாகக் கொண்ட மக்களின் வரலாறு எங்கே தங்கும்? பாடுவோர் நாவிலும், கேட்கும் குழந்தைகளின் செவியிலும் தங்கும். அவ்வாறு தங்கிய வரலாறு ஒன்று, நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், ஆதிலாபாத் மலைநாட்டில் உள்ளது. பிழைப்பின் பொருட்டுத் தாய்நிலம் விட்டு வந்து, குழந்தைகளுக்குத் தாய்மொழியை எப்படித் தருவது என்று கவலைப்படும் நமக்கு, அவ்வரலாறு ஒரு படிப்பினை என்றே கருதுகிறோம்.

நாம் அறியாத உறவினர்

கோண்டி, திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் தமிழுக்கு உறவு, தெலுங்குக்கு இன்னும் நெருங்கிய உறவு. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோதே கோண்டியையும் அக்குடும்பத்தில் வைத்தார். கோண்டு வீட்டுக் குழந்தை கண்ணைக் கண் என்றே சொல்கிறது. கையைக் கை என்றும், பாலைப் பால் என்றுமே சொல்கிறது. உண்டி, ரண்டு, மூண்டு, நாலுங்கு என்று அது எண்ணும்போது நம் செவிக்கு அயன்மை தோன்றுவதில்லை. ஒரே நகரில் பல்லாண்டு வாழ்ந்தும் இவ்வுறவை நம்மில் பெரும்பாலோர் அறியாமல் இருந்தோம் என்பது வருந்தத்தக்கதே.

இம்மக்கள் என்றும் காட்டுவாசிகளாக மட்டும் இருந்தவர் அல்லர். நடு இந்தியாவில் கட்ஹா-மண்டலா, தேவ்கட், கேர்லா, சாந்தா ஆகிய இடங்களில் கோண்டு அரசர் கோட்டை கட்டி ஆண்டனர். 1564இல் அக்பரின் படையை எதிர்த்துக் களத்தில் உயிர் துறந்த ராணி துர்காவதி, கட்ஹா நாட்டுக் கோண்டு அரசுக்குரியவர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சாந்தா அரசு நாகபுரிப் போன்ஸ்லேயர் கைக்கு மாறியது. கோட்டைகள் போயின, கதைகள் எஞ்சின.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் கோண்டியைத் தாய்மொழி என்று பதிந்தவர் 29 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்ற மணிப்புரியையும் போடோவையும் பேசுவோரைக் காட்டிலும் இத்தொகை மிகுதி. எனினும் கோண்டிக்கு அவ்வட்டவணையில் இடம் கிடைக்கவில்லை. அம்மக்கள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராட்டிரம், தெலங்கானா, ஒடிசா எனப் பல மாநிலங்களில் சிதறி நிற்கின்றனர். ஓரிடத்தில் பள்ளிமொழி இந்தி, மற்றோரிடத்தில் மராத்தி, வேறோரிடத்தில் தெலுங்கு அல்லது ஒடியா. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்னும் நிலையை நாம் விரும்பி ஏற்றுக் குடிபெயர்ந்தோம். அவர்களோ தம் ஊரை விட்டு நகராமலே அந்நிலையை அடைந்தனர்.

பாணர் மரபு

நம் சங்க இலக்கியத்தில் யாழேந்திய பாணரைக் காண்கிறோம். புரவலர் இல்லம் சென்று, அவர் குலப் பெருமை பாடிப் பரிசில் பெற்றோர் அவர். ஆதிலாபாத்தின் ராஜ கோண்டரிடையே அத்தகைய மரபு நம் காலம் வரை வாழ்ந்து வந்துள்ளது. பர்தான் என்பார் கோண்டுக் குலங்களின் வழிவழிப் பாடகர். மூன்று நரம்புள்ள கிக்ரி என்னும் வில்யாழை இசைத்து, அந்தந்தக் குலத்தின் தோற்றத்தையும் குலதெய்வத்தின் வரலாற்றையும் விடிய விடியப் பாடுவர். தோட்டி என்னும் மற்றொரு பிரிவினரும் இத்தொழில் உடையவர். பெர்சா பேன் எனப்படும் குலதெய்வத்துக்கு ஆண்டில் இருமுறை விழா எடுக்கும்போது, பாடகர் இன்றி வழிபாடு நிறைவு பெறாது.

இவ்விடத்தில் வியத்தகு செய்தி ஒன்று உண்டு. ஆதிலாபாத்துப் பர்தான்களின் வீட்டுமொழி மராத்தி. ஆனால் அவர்கள் பாடுவது கோண்டியில். தம் வீட்டில் பேசாத மொழியின் நெடும்பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் நினைவில் சுமந்தது எதனால்? கேட்கும் வீடுகள் இருந்தன, அதனால் சுமந்தனர். குலத்துப் பெரியவர் அழைத்தார். சிறுவர் முன்வரிசையில் அமர்ந்தனர். பாடகர் மகனும் தந்தையின் அருகிருந்து கற்றான். கேட்டல் என்னும் நம் சொல்லுக்குச் செவிமடுத்தல், வேண்டுதல் என இரு பொருளும் உண்டு. அவ்விரு பொருளிலும் கேட்பவர் இருந்த வரையில் பாட்டு மாயவில்லை.

நெருப்புக் கொணர்ந்த லிங்கோ

அப்பாடல்களுள் தலையாயது லிங்கோவின் கதை. ஆதிலாபாத்தில் அவரைப் பகாண்டி குப்பார் லிங்கல் என்பர். நாகபுரியில் வாழ்ந்த ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் பாதிரியார், ஒரு பர்தான் பாடக் கேட்டு இதனைக் கோண்டியிலேயே எழுதி வைத்தார். 1863இல் ஆற்றைக் கடக்கையில் அவர் மாண்டார். அவர் விட்டுச் சென்ற தாள்களை ரிச்சர்ட் டெம்பிள் 1866இல் அச்சிட்டு வெளியிட்டார்.

கதையின் ஒரு பகுதியை நம் குழந்தைகளுக்குச் சொல்லும் முறையில் இங்குச் சுருக்கிக் கூறுவோம். மகாதேவர் கோண்டரைக் குகையில் அடைத்துவிடுகிறார். தப்பியவர் நால்வரே. அவர்களுக்குத் துணையாக வருகிறான் லிங்கோ. வேட்டையாடிய இறைச்சியைச் சுட நெருப்பு இல்லை. நெருப்போ ரிக்காட் கவாடி என்னும் கிழ அரக்கனின் வயலில்தான் உண்டு. முதலிற் சென்ற தம்பி அரக்கனைக் கண்டு அஞ்சி ஓடி வந்துவிடுகிறான். லிங்கோ தானே புறப்படுகிறான். வாளெடுத்தானா? இல்லை. சுரைக்குடுக்கையும் மூங்கிலும் கொண்டு ஒரு யாழ் செய்து, மரத்தில் ஏறி அமர்ந்து வாசிக்கிறான். இசை கேட்ட கிழ அரக்கன் தன்னை மறந்து ஆடத் தொடங்குகிறான். அவன் மனைவியும் ஓடி வந்து ஆடுகிறாள். பகை உறவாக மாறுகிறது. இறுதியில், குகையில் அடைபட்ட மக்கள் அனைவரையும் விடுவித்து, அவர்களைக் குலங்களாக வகுத்து வாழ்வு முறை கற்பிக்கிறான் லிங்கோ.

சிறுவர் விரும்பும் சாகசமும் நகைச்சுவையும் இதில் உண்டு. அவற்றோடு ஓர் இனம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதும் இதில் அடங்கியுள்ளது. அடைபட்டிருந்தோம், விடுதலை பெற்றோம், எம்மை விடுவித்தவன் இசைக்கலைஞன் என்று ஒரு மக்கள் தம் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். அக்கதையைக் கேளாத கோண்டுச் சிறுவன் ஒரு பொழுதுபோக்கை மட்டும் இழக்கவில்லை. தான் யார் என்பதற்கான விடையையே இழக்கிறான்.

கடல் கடந்த ஒரு சான்று

கதையைக் குழந்தையிடமிருந்து பிரித்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்க நாட்டு வரலாறு காட்டுகிறது. முன்னர்ச் செவ்விந்தியர் எனப்பட்ட பழங்குடியினருள் லக்கோட்டா என்பது ஒரு பெரும் இனம். அவ்வினத்தில் 1868 அளவில் பிறந்த ஒரு சிறுவனுக்கு ஓட்டா க்டே என்று பெயர். பென்சில்வேனியாவில் கார்லைல் என்னுமிடத்தில் பழங்குடிக் குழந்தைகளுக்கென அரசு 1879இல் உறைவிடப் பள்ளி தொடங்கியபோது, முதற்குழுவில் அவனும் சென்றான். கரும்பலகையில் எழுதிய பெயர்களுள் ஒன்றைக் கோலால் தொடச் சொன்னார்கள். அவன் தொட்டது லூதர். தந்தையின் பெயரும் சேர்ந்து அன்று முதல் அவன் லூதர் ஸ்டாண்டிங் பேர் ஆனான். தலைமுடி வெட்டப்பட்டது, தாய்மொழி பேசுதல் விலக்கப்பட்டது. பழங்குடியை மறக்கச் செய்து வெள்ளையராக வார்ப்பதே அப்பள்ளியின் நோக்கம்.

அச்சிறுவன் வளர்ந்து ஆசிரியப் பணி செய்தார். நாடகக் குழுவிலும் திரைப்படங்களிலும் நடித்தார். முதுமையை நெருங்கும்போது எழுதுகோல் எடுத்தார். 1928இல் தம் மக்களின் வரலாற்றை எழுதினார். 1931இல் தம் இளமைப் பருவத்தைச் சிறுவர்க்கென எழுதினார். வெள்ளையர் குழந்தைகளும் தம் இனத்தாரை உள்ளவாறு அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. 1934இல் லக்கோட்டாக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1939இல் மறைந்தார். எந்த மொழியைத் தந்து தாய்மொழியை வாயடைத்தார்களோ, அந்த ஆங்கிலத்தையே கருவியாகக் கொண்டு அவர் தம் இனக்கதைகளைக் காத்தார். அது பெருஞ்செயல். எனினும் அதற்கு ஒரு விலை உண்டு. லக்கோட்டா மொழியில் பாட்டியின் மடியில் கேட்ட கதை, அவர் பேரக்குழந்தைகளின் தலைமுறைக்கு ஆங்கில நூலாகவே கிடைத்தது.

மார்லவாய்ப் பள்ளி

இனி, நம் ஆதிலாபாத்துக்குத் திரும்புவோம். நிலவுரிமை கேட்டு நிசாம் அரசை எதிர்த்த கோண்டுத் தலைவர் குமுரம் பீம் 1940இல் ஜோடேகாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கிளர்ச்சிக்குப் பின்னரே கோண்டரின் குறைகள் யாவை என்று அறிய அரசு முற்பட்டது. அப்போது ஐதராபாத் சீமையில் பழங்குடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் வியன்னாவில் 1909இல் பிறந்த கிறிஸ்டோப் வான் ஃபியூரர் ஹைமெண்டார்ஃப். அவரும் அவர் மனைவி பெட்டியும் மார்லவாய் என்னும் கோண்டுச் சிற்றூரில் குடிசை கட்டித் தங்கினர்.

1943இல் மார்லவாயில் கோண்டு இளைஞரை ஆசிரியராக்கும் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோண்டியிலேயே பாலபாடமும் வாசகமும் எழுதித் தேவநாகரி எழுத்தில் அச்சிட்டனர். கோண்டுக் குழந்தை தன் வீட்டுச் சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில் முதன்முதலாகக் கண்டது. அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் கோண்டரே. கார்லைல் பள்ளியில் நடந்ததற்கு இது நேர்மாறு அன்றோ? ஒரு பள்ளி குழந்தையின் நாவை அடக்கியது. மற்றொன்று அந்நாவில் இருந்த சொல்லைக் கொண்டே எழுத்தறிவித்தது.

இத்திட்டம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1948இல் ஆட்சி மாறியது. 1956இல் மாநில எல்லைகளும் மாறின. கோண்டி வாசகங்கள் பின்தங்க, வகுப்பறை மொழியாகத் தெலுங்கு நிலைத்தது. எனினும் மார்லவாய் மக்கள் அத்தம்பதியரை மறக்கவில்லை. 1987இல் ஐதராபாத்தில் மறைந்த பெட்டி அம்மையார் மார்லவாயிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1995இல் இலண்டனில் மறைந்த ஹைமெண்டார்ஃபின் அத்தியும் பின்னர், 2012இல், அங்கேயே மனைவியின் அருகில் வைக்கப்பட்டது. தீபாவளிக் காலத்தில் மயிற்பீலி முடி தரித்து ஆடும் குசாடி ஆடலை இளைஞர்க்குக் கற்பித்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024இல் மறைந்த கனகராஜுவும் இம்மார்லவாய் ஊரினரே.

பெட்டியில் உறங்கிய எழுத்து

கோண்டி எழுத்தில்லா மொழி என்பதே நெடுங்காலம் அறிஞர் பலரின் துணிபு. பாலாகாட்டைச் சேர்ந்த முன்ஷி மங்கள்சிங் மாசாராம் என்பார் 1918இல் கோண்டிக்கென ஓர் எழுத்து வகுத்தார். அது புதிதாகப் படைத்தது. பழைய எழுத்து ஒன்று இருந்தது என்பதை உலகம் அறிந்தது 2006இல்தான். ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் ஜெயதீர் திருமலராவ் தலைமையில் ஒரு குழு, ஆதிலாபாத் மாவட்டம் நார்னூர் வட்டாரத்துக் குஞ்சாலா என்னும் சிற்றூரில் கையெழுத்துச் சுவடிகளைக் கண்டது. எந்த இந்திய எழுத்தோடும் முற்றும் ஒத்துவராத தனி வரிவடிவம் அவற்றில் இருந்தது. அச்சுவடிகளின் காலம் 1750 வரை பின்செல்லும் என்று கணித்தனர்.

இங்கே நம் நெஞ்சைத் தொடும் செய்தி யாது? சுவடி இருந்தது, எழுத்து இருந்தது, படிக்கத் தெரிந்தவர்தாம் ஊரில் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர் சிலராகக் குறைந்திருந்தனர். 1943இல் மார்லவாயில் கோண்டிக் குழந்தைக்குத் தேவநாகரியைத் தேடி எடுத்த நாளில், அதே மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றின் வீடுகளில் கோண்டியின் சொந்த எழுத்து வெளியார் அறியாமல் கிடந்தது. இது எவருடைய குற்றமும் அன்று. கேட்பவர் இல்லாத பொருளை எவரும் எடுத்துக் காட்டுவதில்லை.

பின்னர் அம்முதியோரின் துணையால் எழுத்துகள் இனங்காணப்பட்டன, பாலபாடம் அச்சாயிற்று, சிறுவர்க்குக் கற்பிக்கும் முயற்சியும் நடந்தது. கணினி எழுத்துகளுக்கான யூனிகோடுத் தொகுப்பில் மாசாராம் எழுத்து 2017லும், குஞ்சாலா எழுத்து 2018லும் இடம் பெற்றன. இன்று கோண்டிக்கு இரண்டு சொந்த எழுத்துகள் உண்டு. தேவநாகரியிலும் தெலுங்கிலும் எழுதுவோரும் உண்டு. எதனை எல்லோரும் ஏற்பது என்பதில் அம்மக்களிடையே இன்னும் ஒருமைப்பாடு வரவில்லை. எழுத்துகள் பெருகின, வாசிக்கும் குழந்தைகள் அதே அளவில் பெருகினால்தான் அம்முயற்சி முழுமை பெறும்.

நம் வீட்டுப் பெட்டிகள்

குஞ்சாலாவின் கதை தமிழர்க்கு நேராது என்று நாம் இறுமாந்திருத்தல் தகுமா? நம்மிடம் ஈராயிரம் ஆண்டு எழுத்திலக்கியம் உண்டு. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் நம் நிலையும் அதுவாகவே இருந்தது. 1880இல் கும்பகோணத்தில் முனிசீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசையாகச் சொன்னார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். பெரும்புலவரிடம் பயின்ற ஐயரும் அந்நூலைப் படித்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியே அவரை ஏடு தேடி ஊர் ஊராக அலைய வைத்தது; 1887இல் சிந்தாமணி அச்சேறியது; பின்னர்ச் சங்க நூல்கள் பலவும் வெளிவந்தன. கேட்டவர் பேராசிரியர் அல்லர். அரசுப் பணியில் இருந்த ஓர் அதிகாரி. கேட்பதற்குப் புலமை வேண்டா. அக்கறை போதும் என்பதற்கு இது சான்று.

இந்நகரத் தமிழர் அக்கறையில் குறைந்தவர் அல்லர். 1862இல் செகந்திராபாத்தில் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மகபூப் கல்லூரி என வளர்ந்தது. வந்த ஊரில் பள்ளி கட்டிய மரபினர் நாம். ஆனால் இன்று நம் வீடுகளைச் சற்று உற்று நோக்குவோம். குழந்தை தமிழ் பேசுகிறது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் எழுதுகிறது. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிவதில்லை. தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த நூல்கள் அலமாரியில் உள்ளன. அவற்றைப் படிப்போர் வீட்டில் இருவர், பிறகு ஒருவர், பிறகு எவருமிலர் என்றாகும் நாள் தொலைவில் இல்லை. அன்று நம் அலமாரிக்கும் குஞ்சாலாப் பெட்டிக்கும் வேறுபாடு என்ன? அங்கேனும் எழுத்தறிந்த முதியவர் சிலர் எஞ்சியிருந்தனர்.

இதற்கு மருந்து பெரிதன்று. அலுவலகம் முடிந்து களைத்து வரும் நாம் பேரிலக்கியம் கற்பிக்க வேண்டுவதில்லை. உறங்கும் முன் ஒரு கதையைத் தமிழில் சொல்லலாம். மறுநாள் அதே கதையை நூலில் காட்டி, விரல் வைத்து நான்கு வரி படிக்கச் செய்யலாம். கதையின் முடிவை அறியும் ஆவலே குழந்தைக்கு எழுத்தைக் கற்பிக்கும் நல்லாசிரியர். விடுமுறை நாளில் மாசாப் டாங்கில் உள்ள நேரு நூற்றாண்டுப் பழங்குடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, கோண்டு முதலிய மக்களின் வாழ்வைக் காட்டலாம். அங்கே லிங்கோ யாழ் மீட்டிய கதையைச் சொல்லிவிட்டு, அவர்களும் கண்ணைக் கண் என்றே சொல்வார்கள் என்று கூறினால், குழந்தையின் முகத்தில் மலரும் வியப்பே நமக்குப் பரிசிலாகும்.

பர்தான் தன் வீட்டில் பேசாத மொழியின் கதையைக் காத்தான். நாம் வீட்டில் பேசும் மொழியின் கதையைக் காத்தல் அரிதாகுமா? இம்மலரைப் படித்து முடித்தவுடன் பெட்டியில் வைத்துவிடாமல், இதிலுள்ள ஏதேனும் ஒரு பக்கத்தை இன்றிரவு தம் குழந்தையைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்க என அன்பர்களை வேண்டி அமைகிறோம்.